எட்டு நிலையத் தூரம்

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி மேலே வந்தால் ஒரு பக்கம் தேக்கா சந்தை. நடக்கும் தூரத்தில் இன்னொரு பக்கம் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. அதே நிலையத்தில் ஊதா நிற வடகிழக்குப் பாதை ரயிலில் ஏறினால் எட்டாவது நிறுத்தம் புவாங்கோக். மனநலக் கழகம் இருப்பது அந்த வட்டாரத்தில். இருபது வயதுப் பெண் ஒருத்தி திடீரெனத் தூக்கமின்றிப் பிதற்றத் தொடங்கினால், வீட்டார் நினைப்பு புவாங்கோக் பக்கம்தான் ஓடும். அவளைக் குணமாக்கும் சிகிச்சை தேக்கா முனையிலேயே, பெண்களுக்கான அறுவை அறையில் இருக்கக்கூடும் என்பது யாருக்கும் தோன்றாது. 2005 வரை மருத்துவ உலகிலும் பெரும்பாலோருக்கு அது தோன்றவில்லை.

அந்த ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்பானிய நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவும் அவருடைய சகாக்களும் நான்கு பெண்களின் கதையை மருத்துவ இதழில் எழுதினார்கள். நால்வருக்கும் முதலில் மனம் கலங்கியது, பிறகு நினைவு தப்பியது, அதன் பின் மூச்சே தளர்ந்தது. நால்வருக்கும் பொதுவாக இருந்தது சினைப்பையில் ஒரு கட்டி. டெரட்டோமா என்னும் அந்தக் கட்டி விசித்திரமானது. அதை வெட்டித் திறந்தால் உள்ளே முடி இருக்கும், பல் இருக்கும், சில சமயம் நரம்புத் திசுவும் இருக்கும். இருக்கக்கூடாத இடத்தில் இருக்கும் அந்த நரம்புத் திசுவை உடலின் காவற்படை அந்நியப் பொருளாக எண்ணி எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கிறது. அவை இரத்தத்தோடு சுற்றி மூளைக்குப் போய், அங்கே இருக்கும் உண்மையான நரம்பு உயிரணுக்களையும் தாக்குகின்றன. 2007இல் டால்மாவின் குழு அந்த எதிர்ப்பொருள் எதைக் குறிவைக்கிறது என்று கண்டுபிடித்தது. என்எம்டிஏ ஏற்பி என்ற புரதமே அதன் இலக்கு. நினைவுக்கும் கற்றலுக்கும் அது இன்றியமையாதது.

எதிர்ப்பொருள் வந்து ஒட்டியதும் இந்த ஏற்பிகள் நரம்பு உயிரணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டு மறைகின்றன. உயிரணு சாவதில்லை, செயல்தான் முடங்குகிறது. கெட்டமின் என்ற மயக்க மருந்து இதே ஏற்பியை மறிப்பது. அதை எடுத்துக்கொண்டவர்களுக்கு இல்லாத உருவம் தெரிவதும், தன் உடல் தன்னுடையதில்லை என்று தோன்றுவதும் மருத்துவர்களுக்கு நீண்ட காலமாகத் தெரியும். அதே வேலையை உடல் தானாகவே செய்துகொண்டால், பார்ப்பவர் கண்ணுக்கு மனச்சிதைவாகத் தெரிவதில் வியப்பில்லை. எதிர்ப்பொருளை அகற்றிவிட்டால் ஏற்பிகள் மேற்பரப்புக்குத் திரும்பும், ஆளும் திரும்புவார். இந்த நோயின் ஆகப் பெரிய நம்பிக்கை அந்தத் திரும்புதலில்தான் இருக்கிறது.

2008இல் வெளியான முதல் பெரிய தொகுப்பில் நூறு நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் 91 பேர் பெண்கள். சராசரி வயது 23. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் முதலில் போய் நின்றது மனநல மருத்துவரிடம். ஐந்து ஆண்டுகள் கழித்து 577 பேரைக் கொண்ட இன்னொரு தொகுப்பு வந்தது. சராசரிப் பொதுமருத்துவர் வாழ்நாளில் ஒரு முறைகூடப் பார்த்திராத நோய் என்று எண்ணப்பட்டது, தேடத் தொடங்கியதும் ஊர் ஊராகக் கிடைத்தது. கலிஃபோர்னியாவில் மூளை அழற்சிக்கான காரணத்தைத் தேடிய ஒரு திட்டத்தில், முப்பது வயதுக்குட்பட்டவர்களிடம் இந்த ஒற்றை எதிர்ப்பொருள் மூட்டும் அழற்சி, ஹெர்ப்பிஸ் வைரஸ் மூளை அழற்சியைவிட நான்கு மடங்குக்கு மேல் காணப்பட்டது.

இந்த நோயைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றவர் சூசன்னா கஹாலன். நியூயார்க் போஸ்ட் நாளிதழின் செய்தியாளராக இருந்தவர். 2009இல் நோய் கண்டபோது அவருக்கு வயது 24. குடியும் வேலைப்பளுவும் என்றார் ஒரு மருத்துவர். இருதுருவ மனநோயாக இருக்கலாம் என்று இன்னொரு பேச்சு. கடைசியில் சூஹேல் நஜார் என்ற நரம்பியல் மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் ஒன்றை வரையச் சொன்னார். வட்டத்தின் வலது பாதியிலேயே பன்னிரண்டு எண்களும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மூளையின் ஒரு பாதி அழற்சியில் இருக்கிறது என்பதற்கு அந்தப் படமே சாட்சி ஆயிற்று. கஹாலன் குணமடைந்து 2012இல் எழுதிய நூல் பல நாடுகளில் வாசிக்கப்பட்டது, திரைப்படமும் ஆயிற்று. உயர்தர ஸ்கேன் கருவிகள் சூழ்ந்த ஒரு நகரத்தில் நோயைக் காட்டிக் கொடுத்தது ஒரு பேனாவும் ஒரு தாளும் என்பதை மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும்.

சிங்கப்பூருக்கு வருவோம். இந்தத் தீவில் மனநோயும் உடல்நோயும் எங்கே பிரிந்தன என்று தேடினால் தேக்காவைத் தொட்டுக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. 1840இல் சிறையில் அடைபட்டிருந்த சித்தம் கலங்கிய ஒருவர் இன்னொருவரைக் கொன்றார். அதன் பிறகே அவர்களுக்கெனத் தனி இடம் வேண்டும் என்று 1841இல் பிராஸ் பாசா சாலையும் பென்கூலன் ஸ்திரீட்டும் சந்திக்கும் முனையில் முப்பது படுக்கைகளோடு ஒரு விடுதி எழுந்தது. 1860களின் தொடக்கத்தில் அது காண்டாங் கெர்பாவ் வட்டாரத்துக்கு மாறியது. எருமைத் தொழுவம் என்று பொருள்படும் அந்த மலாய்ப் பெயர் இன்றைய லிட்டில் இந்தியாவின் பழைய அடையாளம். கேகே என்ற இரண்டெழுத்தும் அதன் சுருக்கம்தான். ஆக ஒரு காலத்தில் நகரின் பொது மருத்துவமனையும் மனநோயர் காப்பகமும் இந்த வட்டாரத்தில் பக்கம் பக்கமாக இருந்தன. 1887இல் காப்பகம் செப்பாய் லைன்ஸுக்கும், 1928இல் ஊருக்கு வெளியே இயோ சூ காங்குக்கும் போயிற்று. பக்கத்தில் இருந்த மரப்பாலத்தின் பெயரால் 1951 முதல் அது உட்பிரிட்ஜ் மருத்துவமனை. 1993இல் புவாங்கோக்கில் புதிய கட்டடம் வந்து மனநலக் கழகம் ஆனது.

ஒவ்வோர் இடமாற்றத்திலும் மனநோய் ஊரை விட்டு ஒரு படி விலகிப்போனது. உட்பிரிட்ஜ் என்ற அழகான பெயர் பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்யும் சொல்லாகத் தேய்ந்தது. நரம்பியல் மருத்துவம் தன் வழியே வளர்ந்து, 1999இல் டான் டோக் செங் மருத்துவமனை வளாகத்தில் தேசிய நரம்பியல் நிலையமாக நின்றது. காண்டாங் கெர்பாவ் 1924 முதல் மகப்பேற்று மருத்துவமனையாகி, 1966இல் ஒரே ஆண்டில் 39,835 குழந்தைகளைப் பெற்றெடுக்க உதவி உலக சாதனை படைத்தது. மூன்றும் தத்தம் துறையில் சிறந்த நிலையங்கள். மூளை அழற்சி நோயாளிக்கோ இந்த மூன்றின் அறிவும் ஒரே வாரத்தில் தேவைப்படுகிறது.

தமிழ்க் குடும்பத்தில் இன்னொரு சிக்கல் சொல்லிலேயே இருக்கிறது. மனநோய் என்று சொல்லக் கூச்சப்பட்டு 'நரம்புத் தளர்ச்சி' என்போம். உண்மையில் நரம்பு மண்டலத்தில் நோய் வந்தவரைப் பார்த்து 'புத்தி பேதலித்துவிட்டது' என்போம். 'மூளைக் காய்ச்சல்' என்றாலோ கொசுவும் பன்றியும்தான் நினைவுக்கு வரும். அதற்குக் காரணம் உண்டு. 1999இல் நிப்பா வைரஸ் மலேசியப் பன்றிப் பண்ணைகளிலிருந்து சிங்கப்பூர் இறைச்சிக்கூடங்களுக்கு வந்து 11 ஊழியர்களைத் தாக்கியது, ஒருவர் இறந்தார். மலேசியாவில் அதை முதலில் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே எண்ணிக் கொசுவோடு போராடினார்கள். கிருமி இல்லாமல், ஒட்டாமல், உடலே தன் மூளைக்கு எதிராக மூட்டும் அழற்சி ஒன்று உண்டு என்பதற்கு நம் பேச்சு வழக்கில் இன்னும் பெயரில்லை. தன்னெதிர்ப்பு மூளை அழற்சி என்று மருத்துவத் தமிழ் சொல்கிறது. அந்தச் சொல் வீட்டுக்குள் வர வேண்டும்.

பெயரில்லாத இடத்தில் பழைய பெயர்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். காத்து கருப்பு அண்டிவிட்டது, செய்வினை, சாமி குற்றம். வாய் கோணுகிறது, நாக்கு துருத்துகிறது, கை தானாக முறுக்கிக்கொள்கிறது, தெரியாத குரலில் பேச்சு வருகிறது. இதைக் கண்டு தாயத்துக்கு ஓடும் தாயைப் பழிப்பதில் நியாயமில்லை. பழங்காலத்தில் ஆவி பிடித்தவர்கள் என்று எழுதப்பட்டவர்களில் சிலருக்கு இந்த நோயே இருந்திருக்கலாம் என்று இன்றைய நரம்பியல் மருத்துவர்கள் சிலர் கருதுகிறார்கள். ஏர்வாடியை நினைக்காமல் தமிழர் எவரும் இதைக் கடக்க முடியாது. இராமநாதபுரம் மாவட்டத்தில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு காப்பகக் கொட்டகையில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் யாருக்காவது வந்தது இந்த நோயாக இருந்திருக்குமா என்று கேட்கும் அறிவே அன்று உலகத்தில் இல்லை. இன்று இருக்கிறது. சிராங்கூன் சாலையில் காளியம்மனுக்கு நேர்ந்துகொள்ளலாம். நேர்ந்துகொண்டே 995ஐயும் அழைக்கலாம். ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை.

அப்படியானால் மனநோய் எது, அழற்சி எது என்று எப்படிப் பிரிப்பது? முதலில் வேகம். மனச்சிதைவு பெரும்பாலும் மாதக் கணக்கில், சில வேளை ஆண்டுக் கணக்கில் மெல்லப் படரும். படிப்பில் நாட்டம் குறையும், நண்பர்கள் விலகுவார்கள், அறைக்குள் அடைபடுவார். மூளை அழற்சி அப்படிக் காத்திருப்பதில்லை. போன மாதம் வேலைக்குப் போய் வந்த பெண், இந்த மாதம் அம்மாவை அடையாளம் தெரியாமல் விழிப்பாள். மூன்று மாதத்துக்குள் இப்படித் தலைகீழாக மாறினால் சந்தேகப்பட வேண்டும் என்று 2016இல் பன்னாட்டு நிபுணர் குழு வகுத்த வரையறை சொல்கிறது. பத்தில் ஏழு பேருக்கு இதற்கு முன்பே தலைவலி, காய்ச்சல், வாந்தி போன்ற ஏதோ ஒன்று வந்து போயிருக்கும். அதைச் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று வீட்டார் மறந்திருப்பார்கள். கேட்டால்தான் நினைவுக்கு வரும்.

பிறகு உடல் பேசத் தொடங்கும். பேச்சு குறைந்து ஊமையாதல், மெல்லுவது போல ஓயாத வாயசைவு, வலிப்பு, காரணமின்றி ஏறி இறங்கும் இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும், சிலை போல விறைத்துக் கிடத்தல், மூச்சுத் தளர்ச்சி. மனநோய்க்கான மருந்தைக் கொடுத்ததும் நோய் தணியாமல் உடல் விறைத்துக் காய்ச்சல் ஏறினால், அதை மிக முக்கியமான எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். 'இந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, வேறு மாற்றுவோம்' என்று நகர்ந்துவிடுவதில் ஆபத்து இருக்கிறது.

மனநல மருத்துவர்களைக் குறை கூற இதில் இடமில்லை. முதல் வாரத்தில் மனநோய்க்கும் இதற்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு காண அவர்களாலும் முடியாது, வேறு எவராலும் முடியாது. விடாமல் கவனித்து, 'இது என் துறை நோய் போல் இல்லையே' என்று முதலில் சொல்லி நோயாளியைக் காப்பாற்றியவர்களிலும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரின் மனநலச் சட்டம், தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் இருப்பவரை மனநலக் கழகத்தில் முதலில் 72 மணி நேரம்வரை வைத்துக் கவனிக்க இடமளிக்கிறது. அந்த மூன்று நாளில் மனத்தைப் பார்ப்பது போலவே காய்ச்சல், நாடி, வாயசைவு, இரத்தத்தில் உப்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அங்கிருக்கும் தாதி ஒருவர் இரவில் கண்டு குறித்துவைக்கும் ஒரு வரி, ஸ்கேன் சொல்லாததைச் சொல்லிவிடும்.

ஸ்கேன் சொல்லாதது என்பது மிகைப்படுத்தல் அன்று. 577 பேரின் தொகுப்பில் எம்ஆர்ஐ படத்தில் குறை தெரிந்தது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான். மூளை மின்னலைப் பதிவான ஈஈஜியில் பத்தில் ஒன்பது பேருக்கு மாற்றம் தெரிந்தது. 'ஸ்கேன் நார்மல், மூளையில் ஒன்றுமில்லை' என்ற சொல்லைக் கேட்டு நிம்மதியடைவதற்கு முன் ஈஈஜி எடுத்தாயிற்றா என்று வீட்டார் கேட்கலாம். உறுதியான விடை முதுகுத் தண்டுநீரில் இருக்கிறது. இரத்தத்தை மட்டும் சோதித்தால் ஏழில் ஒருவர் தப்பிவிடுகிறார் என்று ஆய்வு காட்டியிருக்கிறது. இங்கேதான் நம் வீடுகளில் ஒரு முட்டுக்கட்டை. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் இடுப்பு விளங்காமல் போய்விடும் என்ற அச்சம் ஊரிலிருந்து கப்பலேறி வந்து இன்னும் வீவக வீடுகளில் குடியிருக்கிறது. ஊசி இறங்குவது தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே. சில நாள் தலைவலி வரலாம். ஊனம் வந்துவிடும் என்று பயந்து கையெழுத்திட மறுத்தால் இழப்பது விலை மதிக்க முடியாத நாள்களை.

என்எம்டிஏ ஒன்றே இந்தக் குடும்பத்தின் பிள்ளை அன்று. எல்ஜிஐ1 என்ற இன்னொரு வகை பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய ஆண்களைப் பிடிக்கிறது. முகமும் கையும் ஒரே பக்கம் ஒரு நொடி வெட்டி இழுக்கும், நாளுக்குப் பலமுறை. இரத்தத்தில் சோடியம் குறையும், மறதி வரும். தாத்தாவுக்கு வயதாகிவிட்டது, மறதி நோய் என்று விட்டுவிடுவது எளிது. ஹெர்ப்பிஸ் மூளை அழற்சியிலிருந்து பிழைத்தவர்களில் நான்கில் ஒருவருக்குச் சில வாரங்களில் தன்னெதிர்ப்பு அழற்சி தொடர்வதாக ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று 2018இல் கண்டது. லூப்பஸ் என்ற தன்னெதிர்ப்பு நோயும் மூளைக்குள் புகுந்து மனநோய் வேடம் போடும். நியூயார்க்கில் மனச்சிதைவு என்று முடிவு கட்டப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிலையாக மருத்துவமனையில் கிடந்த ஒரு பெண்மணி, அது லூப்பஸ் என்று கண்டு சிகிச்சை அளித்ததும் தன் குடும்பத்தை அடையாளம் கண்டு பேசினார். 2023இல் அந்தச் செய்தி உலகெங்கும் வந்தது. இருபது ஆண்டு கழித்தும் மீள முடிந்தது என்று மகிழ்வதா, இருபது ஆண்டு போயிற்றே என்று அழுவதா?

எதிர்த்தரப்பையும் சொல்லியாக வேண்டும். இதைப் படித்த குடும்பங்கள் சில, பல ஆண்டு மனச்சிதைவோடு வாழும் பிள்ளையின் மாத்திரையை நிறுத்திவிட்டு எதிர்ப்பொருள் தேடப் போகும் அபாயம் உண்டு. அது பெருந்தவறு. 571 நோயாளிகளை ஆராய்ந்தபோது, உடல் அறிகுறி எதுவுமின்றி மனநோய் அறிகுறி மட்டுமே கொண்டிருந்தவர்கள் 4 விழுக்காட்டினர். அவர்களிலும் பெரும்பாலோருக்கு அது நோய் திரும்பி வந்த வேளை. நலமானவர்கள் சிலரின் இரத்தத்திலும் இந்த எதிர்ப்பொருள் சிறிதளவு தென்படுவதால், இரத்தச் சோதனை ஒன்றை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. 2023இல் வெளியான ஓர் ஆய்வு, தன்னெதிர்ப்பு மூளை அழற்சி என்று தவறாக முத்திரை குத்தப்பட்ட 107 பேரைப் பட்டியலிட்டது. அவர்களில் 18 விழுக்காட்டினருக்கு உண்மையில் இருந்தது மனநோய். வேண்டாத ஸ்டீராய்டு சிலருக்குப் புதிய துன்பங்களைத் தந்தது. மனநோயும் உண்மையான நோய், அதற்கும் நல்ல மருந்து உண்டு. அழற்சி என்றால் கௌரவம், மனநோய் என்றால் அவமானம் என்ற எண்ணம் இந்தக் கட்டுரையால் வளர்ந்துவிடக் கூடாது.

சரியாகக் கண்டறிந்துவிட்டால் வழி தெளிவு. கட்டி இருந்தால் அகற்றுவார்கள். சிரைவழி ஸ்டீராய்டு, பிறர் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நோயெதிர்ப்புப் புரதம், இரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றி எதிர்ப்பொருளை வடிப்பது ஆகியவை முதல் அடுக்கு. அதற்கு மசியாவிட்டால் ரிட்டுக்சிமாப், சைக்ளோஃபாஸ்ஃபமைடு. இரண்டாண்டு முடிவில் ஐந்தில் நான்கு பேர் நல்ல நிலைக்குத் திரும்பியதை 577 பேரின் ஆய்வு காட்டியது. சிகிச்சை சீக்கிரம் தொடங்கியவர்களே நன்றாகத் தேறினார்கள். ஆனால் மீள்வது சுவிட்சைத் தட்டுவது போல நிகழாது. ஒன்றரை ஆண்டுவரை முன்னேற்றம் தொடரும். மறுபடி எழுதக் கற்பது, கோபத்தை அடக்கக் கற்பது, தேர்வு எழுதுவது எல்லாம் அதற்குள் அடக்கம். எட்டில் ஒருவருக்கு இரண்டாண்டில் நோய் திரும்பவும் கூடும்.

அந்த ஒன்றரை ஆண்டு எல்லோருக்கும் கிடைக்குமா என்ற கேள்வி ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் நின்றால் நெஞ்சை அறுக்கும். சாலை நிறைய வேலை அனுமதிச் சீட்டில் வந்த இளைஞர்கள். புதுக்கோட்டையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் கடன் வாங்கி வந்தவர்கள். குடிமகனுக்கும் நிரந்தரவாசிக்கும் மெடிஷீல்டு லைஃப் இருக்கிறது, மானியம் இருக்கிறது. ஊழியருக்கு முதலாளி எடுக்கும் காப்புறுதி 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளியாக உயர்ந்தது பெரிய முன்னேற்றம். தீவிரக் கண்காணிப்புப் பிரிவில் வாரக் கணக்கில் கிடக்க நேரும் நோய்க்கு அதுவும் போதாமல் போகலாம். தங்குவிடுதியில் ஒருவர் இரவெல்லாம் விழித்துப் பிதற்றினால், 'மனசு சரியில்லை, ஊருக்கு அனுப்பிவிடுங்கள்' என்பதே சுற்றியுள்ளவர்களுக்கு இரக்கமாகத் தோன்றும். மூளை அழற்சியோடு விமானத்தில் ஏற்றப்படும் ஒருவருக்கு வலிப்போ மூச்சுத் தளர்ச்சியோ நடுவானில் வரலாம். முதலில் மருத்துவமனை, பிறகே விமான நிலையம். ஹெல்த்சர்வ் போன்ற அமைப்புகள் வெளிநாட்டு ஊழியரின் மனநலத்துக்காகப் பாடுபடுகின்றன. மேற்பார்வையாளர்களும் அறைத் தோழர்களும் இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் அவர்கள் பணி எளிதாகும்.

அறைத் தோழரானாலும் அம்மாவானாலும், மருத்துவமனைக்குப் போகும்போது செய்ய வேண்டியவை எளிது. எந்தத் தேதியில் காய்ச்சல், எந்தத் தேதியில் தூக்கம் போயிற்று, எப்போது முதல் தவறான பேச்சு, எப்போது வாயசைவு என்று வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். விசித்திரமான அசைவு வரும்போது கைப்பேசியில் முப்பது விநாடி பதிவு செய்யுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது லூப்பஸோ தைராய்டுத் தொல்லையோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். பிறகு இந்தக் கேள்வியை அச்சமின்றிக் கேளுங்கள்: 'டாக்டர், இது மூளை அழற்சியாக இருக்குமா? தண்டுநீர் பார்க்கலாமா?'